சித்தேரிக்கு நாம் கட்டிய தட்டி

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. பாரிவாக்கத்துக்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. கால்வாய் ஓரம் ஒரு பொக்லைன் நின்று ஆகாயத்தாமரையை வாரி வாரிச் சாலையோரம் கொட்டிக்கொண்டிருந்தது. ஆள் உயரக் குவியல். அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்து தார்ச்சாலையில் ஓடியது. வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பியது. சேறும் அழுகிய வேரும் கொஞ்சம் மீன் வாடையும் கலந்த நாற்றம். பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். டிரைவர் யாரையோ திட்டினார். நான் மூக்கை மூடவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அந்த நாற்றம் என் பக்கத்தில் வரவில்லை. வந்ததும் நீதான் வந்தாய், இடுப்பளவு தண்ணீரில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்றும் தெரியாமல் ஒரு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. உனக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் நான் எழுதினால் நான்தான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அதனால் இப்போது எழுதுவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடிக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற வேலை. மாயவரம் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு உன் பேச்சு முதல் ஆறு மாதம் பாதிதான் புரிந்தது. தலையில் அலுமினியக் கூடையோடு வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் பிளாக் முன்னால் வந்து நிற்பாய். கெளுத்தி, கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். ஏரி மீன் என்றால் உன்னிடம்தான். உன் தம்பி தசரதன் வலை போடுவார், நீ விற்பாய். உன் வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார்.

நான் முதலில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீதான் ஒரு நாள் மீனைக் கழுவிக்கொண்டே நிறுத்தினாய். "நீங்க நாங்கன்னா யாரோ மாதிரி கீது டீச்சரு. நீன்னே சொல்லு." அன்றிலிருந்து அக்கா, ஆனால் நீ.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. அதில் நான் ஆகாயத்தாமரை வளர்த்தேன். மிதக்கும் தாவரம் என்று பாடத்தில் வரும், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஏரியிலிருந்து இரண்டு செடி எடுத்து வந்து போட்டிருந்தேன். ஊதா நிறத்தில் பூத்தது. மயில் கண் போல நடுவில் மஞ்சள் பொட்டு. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. நீ மீன் கழுவத் தண்ணீர் கேட்டுப் பின்பக்கம் வந்தவள், தொட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாய். பிறகு சிரித்தாய். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"இன்னா டீச்சரு, இத்தப் போயி ஊட்ல வச்சிகினு கீற?"

இரண்டு செடி அதற்குள் தொட்டி முழுக்க ஆகியிருந்தது. அதை நான் கவனித்திருந்தேன், ஆனால் யோசித்ததில்லை. நீ சொன்னாய்: ஏரியிலும் இப்படித்தான் யாரோ ஒருத்தர் அழகுக்குப் போட்டிருக்கிறார்கள்; இப்போது பாதி ஏரி மூடிவிட்டது; மூடின இடத்தில் அடியில் வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, மீன் செத்து மிதக்கிறது; வலை போட்டால் மீனுக்குப் பதில் வேர் வருகிறது. நான் வெட்கத்தோடு எல்லாவற்றையும் வாரி எடுத்துக் குப்பையில் போடப் போனேன். நீ விடவில்லை. குப்பையிலிருந்து மழைத்தண்ணீரில் கால்வாய்க்குப் போகும், கால்வாயிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகும் என்றாய். மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்துக் கொளுத்தச் சொன்னாய். அறிவியல் டீச்சர் நான். பாடம் எடுத்தது நீ.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்கு வந்தேன். நீயும் தசரதனும் இன்னும் இரண்டு பேரும் கையாலேயே பிடுங்கிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் வந்தார். அதற்கடுத்த வாரம் அவரோடு வேலை செய்த டர்னர் செல்வராஜைக் கூட்டி வந்தார். கோவில்பட்டிக்காரர், வாய் அதிகம் பேசாது, கை பேசும். நீள மூங்கில் முனையில் இரும்புக் கொக்கிகள் பொருத்தி நாலைந்து வாரிகள் செய்து கொண்டுவந்தார். அதுவரை கையெட்டும் தூரம்தான் இழுத்தோம், பிறகு பத்தடி தள்ளியிருப்பதும் வந்தது. மொத்தம் ஏழெட்டுப் பேர். பெயர் கிடையாது, பலகை கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருவோம், வெயில் முதுகில் ஏறியதும் போய்விடுவோம்.

அந்த வேலையின் களைப்பை யாருக்கும் விளக்க முடியவில்லை. ஒவ்வொரு செடியும் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கும். ஒன்றை இழுத்தால் இருபது கூட வரும், பாதி வழியில் அறுந்து திரும்பத் தண்ணீரில் விழும். கையெல்லாம் அரிக்கும். வேரிலிருந்து சின்னச் சின்னப் பூச்சிகள் புடவை மடிப்பில் ஏறிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இழுத்து ஒரு பெரிய அறை அளவு தண்ணீரைத் திறப்போம். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் காற்று இன்னொரு பக்கத்துச் செடியை அங்கே தள்ளி மூடியிருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இப்படிப் போனது. ஒரு நாள் கரையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீதான் சொன்னாய், நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்ததை.

"இந்த ஏரி போயிடுச்சி டீச்சரு. சித்தேரிய உட்டுடக் கூடாது."

சித்தேரி பாரிவாக்கத்துப் பக்கம், கால்வாய் வழியாக நம் ஏரியின் உபரித் தண்ணீர் போய்ச் சேருகிற சின்ன ஏரி. அங்கே அப்போது ஒரு செடி கிடையாது. கரையில் நின்று பார்த்தால் முழங்கால் ஆழத்தில் மணல் தெரியும். துணி துவைப்பார்கள், மாடு குளிக்கும், மாலையில் கொக்குகள் இறங்கும். அதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தோம். பிடுங்குகிற வேலை போய்த் தடுக்கிற வேலை வந்தது.

செடி இரண்டு வழியில் போகும் என்று நீ கணக்குப் போட்டாய். ஒன்று வலை, இன்னொன்று கால்வாய். நம் ஏரியில் வலை போட்டுவிட்டு அதே ஈர வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சித்தேரிக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். வலைக் கண்ணியில் நகத்தளவு குட்டிச் செடி ஒட்டியிருந்தால் போதும். அதனால் சித்தேரிக்குப் போகிற பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் முறை வைத்து நின்றோம். வருகிறவர்களிடம் வலையை உதறிக் காட்டச் சொல்வோம். நான் நின்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். குவார்ட்டர்ஸ் அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று போய்விடுவார்கள். நீ நின்றால் வலை இறங்கும்.

ஒருமுறை பூந்தமல்லியிலிருந்து ஒரு ஆள் வந்தார். உன்னைத் தெரியாதவர். என் வலையை உதற நீ யார் என்று சத்தம் போட்டார். நீ சைக்கிள் கேரியரிலிருந்து வலையை இறக்கி, தரையில் விரித்து, பூ கட்டுகிறவள் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பார்த்தாய். கால் மணி நேரம் ஆனது. அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, பீடி பற்ற வைத்து, கடைசியில் தானும் குந்தி உட்கார்ந்துவிட்டார். நீ ஒரு குட்டிச் செடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாய்.

"இது ஒண்ணு போதும் அண்ணாத்தே. ரெண்டு வருசத்துல உன் வலைக்கு வேலயே இருக்காது."

அவர் அதை உற்றுப் பார்த்தார். மடியில் போட்டுக்கொண்டு போனார். பிறகு வரும்போதெல்லாம் காய்ந்த வலையோடுதான் வந்தார்.

கால்வாய்க்கு ஒரு தட்டி கட்டினோம். சாலைக்கு அடியில் போகிற சின்னப் பாலத்தின் முகப்பில், சவுக்குக் கழிகளை ஊன்றி மூங்கில் தட்டியை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். தண்ணீர் போகும், செடி நிற்கும். நின்ற செடியை உடனே உடனே வாரி வெளியே போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் போகிற வழி அடைத்துவிடும். மழை நாட்களில் தினம் இரண்டு பேர் போவது என்று ஏற்பாடு. செல்வராஜ் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வந்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் குடையோடு வருவேன். மூன்று மழைக்காலம் அந்தத் தட்டி நின்றது. மூன்று வருடமும் சித்தேரி தெளிவாக இருந்தது. மூன்றாவது வருடம் தசரதன் சித்தேரி மீன் குத்தகையை எடுத்தார். உன் வீட்டில் அந்த வருடம்தான் எல்லோர் முகத்திலும் ஒரு தெம்பு இருந்தது. நீ என் பெண்ணுக்கு விரால் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இது சித்தேரி மீன் என்று இரண்டு தரம் சொன்னாய்.

இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் அக்கா.

அந்த வருடம் தீபாவளி முடிந்து ஒரு வாரம். நாலு நாளாக விடாத மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு நான் பாலத்துக்கு வந்தபோது கால்வாய் கரையைத் தொட்டு ஓடியது. மேலே ஏரியிலிருந்து செடிக்கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. தனித்தனியாக வரவில்லை, பச்சைப் பாய் விரித்தது போல மொத்தமாக வந்து தட்டியில் மோதி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது. நீ, தசரதன், நான், இன்னும் மூன்று பேர். வாரியால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டோம். ஒரு கூடை எடுப்பதற்குள் பத்துக் கூடை வந்தது. கைத்தோல் உரிந்து மழைத்தண்ணீர் பட்டு எரிந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டே இருந்தது.

கால்வாய் ஓரத் தெருவில் முப்பது குடிசைகள் இருக்கும். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் போகிறவர்கள். தண்ணீர் அந்தத் தெருவுக்குள் புகுந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். நீ வாரியை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தத் தெருவுக்குள் போனாய். நான் போகவில்லை. என் கண் முழுக்கத் தட்டியில்தான் இருந்தது. இரண்டு மணிக்கு ஷிப்ட் விடும், செல்வராஜ் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருவார், அதுவரை தாக்குப் பிடித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ திரும்பி வந்தபோது உன் கையில் கத்தி இருந்தது. மீன் வெட்டுகிற கத்தி. மணி என்ன என்று கேட்டாய். பன்னிரண்டு ஆகவில்லை என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் தண்ணீரில் இறங்கினாய். எனக்குப் புரிந்ததும் நானும் இறங்கி உன் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு மணி நேரம், இரண்டே மணி நேரம் என்று கெஞ்சினேன். நீ கையை உதறவில்லை, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாய். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"உங்க ஆளுங்களுக்கெல்லாம் எதையும் காப்பாத்தத் தெரியாது."

மழைச் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது. கரையில் நின்ற தசரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு வருடம் இது கனத்திருக்காது. சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி, நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாய்.

"எங்க ஆளுங்கன்னா யாரு டீச்சரு?"

நீ கயிற்றை அறுத்தாய். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். தட்டி சாய்ந்தது. மூன்று வருடம் நாம் தடுத்து வைத்திருந்தது முழுவதும் பாலத்துக்கு அடியில் நுழைந்து சித்தேரியைப் பார்த்துப் போனது. போய்க்கொண்டே இருந்தது. தெருத் தண்ணீர் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. நான் குடையைக்கூட எடுக்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று எனக்குத் தெரிந்திருந்தும் நான் நினைத்துப் பார்க்காதது ஒன்று உண்டு. உன் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. அந்த முப்பது குடிசையில் உன் சொந்தம் என்று ஒருவர் இல்லை. சித்தேரிதான் உன் குடும்பத்துடையது. நீ அறுத்தது உன் தம்பியின் வலையை. எனக்கு அந்த ஏரியில் என்ன இருந்தது? மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளும் கொஞ்சம் கர்வமும்.

எட்டு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ வழக்கமான நாட்களில் குவார்ட்டர்ஸுக்கு வந்தாய். எங்கள் பிளாக் முன்னால் நிற்காமல் அடுத்த பிளாக்கில் நின்று கூவினாய். நான் ஜன்னலுக்கு வரவில்லை. நீ தட்டியை அறுத்தது சரியில்லை என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் சண்டை போட்டேன். எதற்காகச் சண்டை போட்டேன் என்றால், நீ செய்தது சரி என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான். செல்வராஜுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படியே கரைந்துவிட்டது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் தசரதனைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர் குத்தகையை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார். சித்தேரியில் கால்வாசி மூடிவிட்டது என்றார். நீ தினமும் விடியற்காலை அங்கே போய்த் தனியாகப் பிடுங்குகிறாய் என்றும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, அன்றைய மழை நாளைப் பற்றி ஒன்று சொன்னார். அந்தத் தெருவில் பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒரு பெண்ணை இட்லிக்கடைப் பலகை மேல் உட்கார வைத்திருந்தார்களாம். பலகைக்கு அடியில் தண்ணீர் தொடையளவு. அக்கம்பக்கத்தில் யாராலும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடிக் கத்தி எடுத்து வந்திருக்கிறாய். இதை நீ என்னிடம் பாலத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கையை விட்டிருப்பேன். சொல்லிப் புரிய வைக்க நேரமில்லை என்று நினைத்தாயா, இல்லை, டீச்சருக்கு இதுகூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்தாயா? எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சித்தேரிக்கு வந்தேன். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாய். தனி ஆளாக எட்டு மாதம் இழுத்தவள் கரையில் எத்தனை குவியல் போட்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் நின்றாய், பிறகு திரும்பவும் குனிந்துகொண்டாய். நான் கரையில் நின்று, அக்கா அன்னைக்கு நான் என்று தொடங்கினேன். நீ முடிக்க விடவில்லை.

"அத்த உடு. அந்த ஓரமா குட்டிங்க கீது பாரு, அத்த மொதல்ல எடு."

நான் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். அன்றைக்குச் சொல்லாததை அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதற்கு இடமில்லாமல் வேறு பேச்சு இருந்தது. அப்புறம் சொல்வது அசட்டுத்தனமாகத் தோன்றியது. இப்படியே ஏழெட்டு வருடம் ஓடிப்போனது. ஒவ்வொரு ஞாயிறும் உன் பக்கத்தில் நின்று செடி பிடுங்கினேன். ஒரு ஞாயிறுகூட அதைச் சொல்லவில்லை.

சித்தேரியை நாம் மீட்கவில்லை. இரண்டு பெண்கள் கையால் மீட்கிற விஷயம் இல்லை அது. மதகு ஓரம் மாடு தண்ணீர் குடிக்கிற மூலையை மட்டும் திறந்து வைத்திருந்தோம். ஆனால் சித்தேரிக்குக் கீழேயும் ஒரு தாங்கல் இருந்தது, அதைவிடச் சின்ன ஏரி. அதற்குப் போகிற வழியில் நீ இன்னொரு தட்டி கட்ட வேண்டும் என்றாய். இந்தத் தடவை திறக்கிற மாதிரி கட்டச் சொன்னாய். இரண்டு கழியை உருவினால் தட்டி கதவு போலத் திறந்துகொள்ளும், ஒரு ஆள் போதும். திறந்தால் செடி போய்விடுமே என்றேன்.

"போனா பின்னாலயே போயி பொறுக்கிக்கலாம். ஊடு போனா இன்னாத்த பொறுக்குறது?"

அப்படித்தான் செய்தோம். பெருமழையில் தட்டியைத் திறந்துவிடுவோம். மழை விட்டதும் தாங்கலைச் சுற்றி நடப்போம். நாணல் இடுக்கில், மதகுச் சந்தில், எருமைக் குளம்புக் குழியில், ஒவ்வொன்றாக எடுத்துக் கோணியில் போட்டுக்கொள்வோம். ஒரு மழைக்கு இரண்டு வாரம் நடக்க வேண்டியிருக்கும். கால் வீங்கிவிடும். நீ இருந்தவரை தாங்கலில் அந்தச் செடி பூக்கவில்லை அக்கா. அதைப் பார்த்துச் சொல்ல நம்மைத் தவிர யாரும் இல்லை. பூக்காத செடியை யார் பார்க்கப் போகிறார்கள்.

கடைசியாக நாம் சேர்ந்து போன ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசி. உனக்கு இருமல் இருந்தது. எனக்கு அன்று ஏனோ தாங்க முடியவில்லை. சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். சித்தேரிக் கரையை ஒரு பக்கம் வெட்டி லாரியில் மண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாம் யாருக்காக இதைச் செய்கிறோம் என்றே தெரியவில்லை. கோணியைக் கீழே போட்டுவிட்டு, இது என்றைக்கு அக்கா முடியும் என்று கேட்டேன். கிட்டத்தட்ட அழுகிற மாதிரிக் கேட்டேன். நீ நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலைப் பார்த்தாய்.

"முடியாது டீச்சரு. மதியானம் வரிக்கும் செய்வோம். அப்பால ஊட்டுக்குப் போயி சோறு துன்னலாம்."

இரண்டு மாதம் கழித்து என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காக மாயவரம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் காமாலை என்றார் தசரதன். ஆஸ்பத்திரியில் நாலே நாள். டீச்சருக்குச் சொல்லி அனுப்பலாமா என்று கேட்டதற்கு, கல்யாண வீட்டில் இருப்பவளுக்கு எதற்கு என்று நீ சொல்லிவிட்டாயாம்.

நான் அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் தாங்கலுக்குத் தனியாகப் போனேன். மூன்றாவது வருடம் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. பெண்ணுக்குப் பரீட்சை இருந்தது, எனக்கு முழங்கால் வலி இருந்தது. அதைவிடவும், போக மனம் வரவில்லை. அடுத்த கோடையில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், தாங்கல் முழுக்க ஊதாப் பூ. பக்கத்தில் இருந்தவர் எவ்வளவு அழகு என்று சொன்னார். உன்னிடம் இதை மறைப்பதில் அர்த்தமில்லை. நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தினதால்தான் அது வந்தது.

பாலத்தில் நின்று நான் சொன்னது தவறு அக்கா. அது என் வாயில் எப்படி வந்தது என்று வெகு நாள் யோசித்தேன். அது வாயில் வந்ததல்ல. உன்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே எங்கேயோ உள்ளே வைத்திருந்தேன். ஒரு மழை அதை வெளியே கொண்டுவந்தது. நீ விட்டுவிடு என்று சொன்னதால் நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. என்னை மன்னித்துவிடு. இதைச் சொல்ல எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். வலது கை அசையாது, பேச்சு இல்லை, ராத்திரி பகல் தெரியாது. தேறமாட்டார் என்று டாக்டர் முதல் மாதமே சொல்லிவிட்டார். என் பெண் வெளிநாட்டில் இருந்தாள். காலையில் எழுந்ததும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, துணி மாற்றி, கஞ்சி புகட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். இது எத்தனை நாள், எத்தனை மாதம் என்று ஆரம்பத்தில் யோசித்தபோதெல்லாம் கை கால் ஓடாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் உன் குரல் வந்தது.

அதற்குப் பிறகு நான் மாதத்தை நினைக்கவில்லை. மதியானம் வரைக்கும் செய்வோம் என்று எழுந்தேன். அவருக்கு எல்லாம் செய்து முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். அவர் போன அன்று காலை வரைக்கும் ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டேன் அக்கா.

உன் டீச்சர்.